வாழத் தக்கவர் யார்?

ஓர் அறை. அதிலே எழுவர். வழக்குரைஞர் ஒருவர், சமய குரு ஒருவர், வங்கியாளர் ஒருவர், இல்லத்தரசி ஒருவர், அரசு அலுவலர் ஒருவர், தொழிலாளர் தலைவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர். அவர்கள் எதிரே சில தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஓர் உயிர்!

வயது என்ன? மணமானவரா? மக்கள் எத்தனை பேர்? வருவாய் என்ன? சொத்து எவ்வளவு? படிப்பு என்ன? இதுவரை செய்தது என்ன, இனிச் செய்யக்கூடியது என்ன? மணப் பேச்சுக்கு வந்தவர் கேட்கும் கேள்விகள் போலத் தோன்றுகின்றன அல்லவா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டு, "இவர் வாழட்டும், அவர்..." என்று அந்த எழுவரும் முடிவு கட்டவேண்டும். ‘அவர்’ என்பதற்குப் பின்னே வரவேண்டிய சொல்லை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாவு தானே வந்து சொல்லிக்கொள்ளும்.

கற்பனை அன்று இது. 1962-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரிலே நடந்தது. சிறுநீரகம் செயலற்றுப் போனவரின் குருதியைத் தூய்மை செய்து, அவரை ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும் வழி அப்போதுதான் பிறந்திருந்தது. கருவிகளோ மிகச் சில. காத்துக் கிடந்தவர்களோ பலர். யாருக்குத் தருவது? மருத்துவர்கள் தம் அளவிலே வடிகட்டியபின் எஞ்சியவர்களுள் யார் வாழ்வது என்று தீர்மானிக்கத்தான் இந்த எழுவர் குழு. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் ‘லைஃப்’ ஏடு இச்செய்தியை உலகுக்கு எடுத்துரைத்தபோது, படித்தவர் நெஞ்சம் துணுக்குற்றது.

வாழத் தக்கவர் யார்? கேள்வி மிகப் பெரிது. விடை தேடுமுன், அந்தக் கருவி எந்த உறுப்பின் வேலையை மேற்கொண்டதோ, அந்த உறுப்பையே ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே!

மனிதன் தரையிலே வாழ்கிறான். அவன் உடலின் உயிரணுக்களோ இன்றும் நீரிலேதான் வாழ்கின்றன. உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு சிறு உப்புக் கடல்! அந்தக் கடலுக்கு அலை உண்டு. ஆனால் எல்லை மீறும் உரிமை இல்லை. வெளியே பனி கொட்டினாலும் பாறை பிளக்கும் வெயில் எரித்தாலும், உள்ளே வெப்பம் 37 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கவேண்டும். குருதி நீரிலே சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல், பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. இந்தப் பொட்டாசியம் அளவுகடந்து ஏறினால் இதயம் தாளம் தவறும்; மேலும் ஏறினால் நின்றே போகும். அரசன் இதயமாயினும் அவ்வாறே. அவனுக்குப் பல்லக்குத் தூக்கியவன் இதயமாயினும் அவ்வாறே.

கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்னும் கருத்தை, மருந்து என்ற அதிகாரத்திலே வள்ளுவர் அன்றே வைத்துவிட்டார். அளவு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதைக் கண்டுரைக்கும் பணி ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டிலே, திராட்சைத் தோட்டத்தை நம்பி வாழ்ந்த எளிய குடும்பத்தில் 1813-இல் பிறந்த கிளாடு பெர்னார் என்னும் அறிஞர், உயிருக்கு இரண்டு சூழல்கள் உண்டு என்றார். புறத்தே காற்றும் வெயிலும் மழையும் ஒரு சூழல். அகத்தே உயிரணுக்களை நனைத்து நிற்கும் நீர் மற்றொரு சூழல். அந்த அகச் சூழல் நிலைபெற்று நிற்பதுதான் உயிரின் சுதந்திரத்துக்கு அடிப்படை என்பது அவர் கண்ட முடிவு.

சுதந்திரம்! மருத்துவ ஆய்விலே இந்தச் சொல் எங்கே வந்தது என்று வியக்கலாம். தவளையைப் பாருங்கள். குளிர் வந்தால் அதன் உடலும் குளிர்ந்துவிடுகிறது, துள்ளல் ஒடுங்குகிறது, வெயில் விடுதலை தரும்வரை அது குளிரின் கைதி. மனிதனோ, தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்கிறான். ஆகவே இமயத்திலும் ஏறுகிறான், பாலையிலும் நடக்கிறான். உள்ளே உறுதி இருப்பதால்தான் வெளியே உரிமை! இந்தக் கருத்தை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன் 1926-இல் இந்த உடற்சமநிலைக்கு ‘ஹோமியோஸ்டாசிஸ்’ எனப் பெயர் சூட்டினார். 1932-இல் ‘உடலின் அறிவு’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு நூலும் எழுதினார். நிலைத்தன்மை என்றால் அசையாமை அன்று என்பதை அவர் வலியுறுத்தினார். தேங்கிக் கிடக்கும் குட்டையும் அசையாமல்தான் இருக்கிறது. அங்கே பாசி படர்கிறது. உடலின் நிலைத்தன்மையோ, கயிற்றின்மேல் நடப்பவன் சாய்ந்து சாய்ந்து நிமிரும் நிலை. ஓயாத திருத்தம், உறங்காத உழைப்பு.

கத்திரி வெயிலிலே களையெடுக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். வியர்வை வழிகிறது. உள்ளே நீர் குறைகிறது. உப்பின் செறிவு ஏறுகிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஏறினாலே போதும், மூளையின் அடிப்புறத்தில் உள்ள சில உயிரணுக்கள் அதை உணர்ந்துவிடுகின்றன. உடனே இரண்டு செய்திகள் பறக்கின்றன. ஒன்று நினைவுக்கு: "நீர் தேடு!" அதுதான் தாகம். மற்றொன்று குருதி வழியே சிறுநீரகத்துக்கு: "உள்ள நீரை விடாதே!" அவள் வரப்பிலே அமர்ந்து ஒரு சொம்பு நீர் அருந்தியதும் செறிவு இறங்குகிறது, செய்திகள் ஓய்கின்றன, சிறுநீரகம் மிகுநீரை மீண்டும் வெளியே விடத் தொடங்குகிறது. ஏறினால் இறக்குவது, இறங்கினால் ஏற்றுவது — இதுதான் உடலின் ஆட்சிமுறை.

இவ்வளவையும் செய்யும் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம். முதுகுப்புறத்தே, எவர் கண்ணிலும் படாமல் ஒதுங்கிக் கிடப்பவை. இதயம் அனுப்பும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் வழியே ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள். நாளொன்றுக்கு வடிக்கப்படும் நீர் 180 லிட்டர். வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவே. ஏனையது எல்லாம், உடலுக்கு இன்று எது வேண்டும் என்று பார்த்து, மீட்டுக்கொள்ளப்படுகிறது. சிறுநீர் என்று முகம் சுளிக்கிறோம். அது அந்த உறுப்பு அன்றாடம் எழுதும் கணக்கின் கடைசி வரி!

சமுதாயத்தை உடலாக உருவகித்த பழைய கதை ஒன்று நம் நாட்டில் உண்டு. முகத்திலே பிறந்தவன் உயர்ந்தவன், காலிலே பிறந்தவன் தாழ்ந்தவன் என்றது அந்தக் கதை. கதை கட்டியவர் உடலைத் திறந்து பார்த்தவர் அல்லர். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: கண்ணுக்குத் தெரியாமல் கழிவு அகற்றும் இந்த உறுப்பு ஓய்ந்தால், தலையிலே வீற்றிருக்கும் மூளை சில நாள்களிலேயே மயங்கும், பிதற்றும், அறிவு அவிந்து கிடக்கும். கழிவு அகற்றும் கை தாழ்ந்தது, ஏடு புரட்டும் கை உயர்ந்தது என்ற தீர்ப்பை உடல் எழுதவில்லை. உடலின்மேல் ஏற்றி, மனிதன் எழுதிக்கொண்டான்.

"அப்படியா? குருதி பெருகி ஓடும் பெருங்காயத்தின்போது, உடல் தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குருதியைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் அல்லவா முதலிடம் தருகிறது? உடலிலும் மேல் கீழ் உண்டு என்பதற்கு இது சான்று அன்றோ?" என்று கற்றவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. மறைக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் அது நெருக்கடி நேரத்து ஏற்பாடு. குருதியை விரைவில் ஈடுசெய்யாமல் அந்த ஏற்பாடே நீடித்தால், சிறுநீரகத்தின் நுண்குழல்கள் பட்டுப் போகின்றன, நஞ்சு ஏறுகிறது, எந்தத் தலையைக் காக்க மற்றவை பட்டினி போடப்பட்டனவோ, அந்தத் தலையும் சாய்கிறது. நெருக்கடியை நிலையான சட்டமாக்கியவன் தன்னையே கொன்றுகொள்கிறான் என்பதுதான் உடல் தரும் பாடம்!

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்வோம். உடல் இவ்வாறு இயங்குகிறது என்பதாலேயே மனிதர் இவ்வாறு நடக்கவேண்டும் என்று ஆகிவிடாது. உயிரணு சாகலாம்; உடல் அதற்காக அழுவதில்லை. மனிதன் உயிரணு அல்லன். ஆகவே நம் அறத்தை உடலிடம் கடன் வாங்க முடியாது. நாமேதான் ஆக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஆக்கிக்காட்டிய ஒருவரைப் பார்ப்போம்.

ஆலந்து நாட்டு இளம் மருத்துவர் வில்லெம் கொல்ஃப். 1938-இல், 22 வயது இளைஞன் ஒருவன் சிறுநீரகம் கெட்டு மெல்ல மெல்லச் சாவதைக் கைபிசைந்து பார்த்திருந்தவர். ‘விதி’ என்று சொல்லிவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். ஊரும் அதைத்தான் சொல்லியிருக்கும். அவரோ வழி தேடினார். நாட்டை நாசிப்படை பிடித்திருந்த காலம். எதுவும் எளிதிற் கிடைக்காத காலம். இறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயை ஓர் உருளைமேல் சுற்றினார். உருளையை உப்புநீர்த் தொட்டியிலே சுழலவிட்டார். குழாயினுள் நோயாளியின் குருதி. வெளியே அளவறிந்து கலந்த உப்புநீர். குருதியின் நஞ்சு குழாய்ச் சுவரின் வழியே நீரிலே கசிந்தது. 1943-இல் செயற்கைச் சிறுநீரகம் பிறந்தது. முதலில் அந்தக் கருவியோடு இணைக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ எல்லாருமே மாண்டனர். கொல்ஃப் தளரவில்லை.

1945-ஆம் ஆண்டு, போர் ஓய்ந்தபின், 67 வயதுப் பெண்மணி ஒருவர் கொண்டுவரப்பட்டார். எங்கிருந்து? சிறையிலிருந்து! நாசிகளுக்குத் துணைநின்றவர் என்று சிறைப்படுத்தப்பட்டவர் அவர். நாசிகள் பிடியிலே நாடு பட்ட துன்பத்தின் புண் ஆறாத நேரம், "இவளையா பிழைக்கவைப்பது?" என்ற குரல் எழாமலா இருந்திருக்கும்? கொல்ஃபுக்கு அவர் எதிர்ப்பக்கத்துப் பெண். ஆனால் அவர் முன்னே கிடந்தது, யூரியா ஏறி உணர்விழந்த ஓர் உடல். கருவியோடு இணைத்தார். கண் திறந்தார் அந்தப் பெண்மணி. பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். செயற்கைச் சிறுநீரகத்தால் தெளிவாகக் காக்கப்பட்ட முதல் உயிர், தகுதிப் பட்டியல் போட்டிருந்தால் கடைசியிலும் இடம்பெற்றிருக்க முடியாத உயிர்!

அவர் செய்தது குற்றமாயின், அதை விசாரிக்க வழக்குமன்றம் உண்டு; தண்டிக்கச் சட்டம் உண்டு. மருத்துவரின் கருவி தண்டனைக்கோல் அன்று. இந்த வேறுபாட்டைத்தான் கொல்ஃப் காத்தார்.

இனிச் சியாட்டில் அறைக்குத் திரும்புவோம். அங்கே இருந்த எழுவரும் கொடியவர் அல்லர். ஊதியம் பெறாமல், பெயரும் வெளியே தெரியாமல், உறக்கம் கெடுக்கும் பணியைச் சுமந்தவர்கள். பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், நோயாளியின் கையிலே நிலையாகப் பொருத்திவைக்கும் டெஃப்லான் குழலை 1960-இல் கொண்டுவந்தார். திரும்பத் திரும்பக் குருதியைத் தூய்மை செய்ய முடிந்தது. முதல் நோயாளி அதனால் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். இத்தகைய கொடை கைக்கு வந்தும் எல்லாருக்கும் தர இயலாத நெருக்கடி. நல்லவர்கள்தாம் கூடினார்கள். ஆனால் நல்லவர் கையிலே தவறான தராசு!

அந்தத் தராசிலே எது எடை போட்டது? குடும்பம் உடையவர், சொத்து உடையவர், தேவாலயப் பணியிலே ஈடுபட்டவர் — சுருக்கமாகச் சொன்னால், எழுவருக்கும் பழக்கமான வாழ்க்கை வாழ்ந்தவர். 1968-இல் மனநல மருத்துவர் ஒருவரும் சட்டப் பேராசிரியர் ஒருவரும் இம்முறையைச் சாடி எழுதினர். சிறுநீரகம் கெட்ட ஒரு தோரோவுக்கு அந்த வட்டாரத்தில் இடமிராது என்பது அவர்கள் குத்திக்காட்டிய உண்மை. யார் தோரோ? மணம் செய்யாதவர், காட்டோரக் குடிலிலே தனித்து வாழ்ந்தவர், அடிமை முறையைத் தாங்கும் அரசுக்கு வரி கொடேன் என்று மறுத்துச் சிறைபுகுந்தவர். மனைவி இல்லை, மக்கள் இல்லை, சொத்து இல்லை, ஊரார் நற்சான்றும் இல்லை. தள்ளு அந்தத் தாளை! உலகின் போக்கை மாற்றியவருள் எத்தனை பேர், தம் காலத்தவரிடம் ‘உதவாக்கரை’ என்று பெயர் வாங்கியவர்கள்!

"பேசுவது எளிது. கருவி பத்து, நோயாளி நூறு என்றால் நீர் என்ன செய்வீர்?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. இங்கே இரு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்தால் வழி தெரியும். ‘இச்சிகிச்சை இவருக்குப் பயன்படுமா?’ என்பது ஒன்று. அதை மருத்துவர் கேட்கலாம், கேட்டே தீரவேண்டும். ‘இவர் உலகுக்குப் பயன்படுவாரா?’ என்பது மற்றொன்று. அதைக் கேட்கும் உரிமை எந்த எழுவருக்கும் இல்லை, எழுபதின்மருக்கும் இல்லை. முதல் வினாவிலே நிகராக நிற்பவர்களுள் முன்னே வந்தவருக்கு முன்னே தரலாம். இல்லையேல் சீட்டுக் குலுக்கிப் போடலாம். சீட்டுக்குக் கண் இல்லைதான். ஆனால் செருக்கும் இல்லை. தோற்றவன் "எனக்கு வாய்க்கவில்லை" என்று வருந்துவான். "நான் வாழத் தகாதவன்" என்ற முத்திரையோடு சாகமாட்டான்.

அதனினும் சிறந்த வழி ஒன்று உண்டு: பத்தை நூறாக்குவது! 1972-இல் அமெரிக்க நாடு சட்டம் இயற்றி, சிறுநீரகம் செயலிழந்தோர் ஏறத்தாழ எல்லாருடைய சிகிச்சைச் செலவையும் அரசுக் காப்பீட்டின்கீழ் கொண்டுவந்தது. எழுவர் அறைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பத்தாண்டுக் காலம் ‘இயற்கையின் பற்றாக்குறை’ என்று எண்ணப்பட்டது, உண்மையிலே பணப்பெட்டியின் பற்றாக்குறை என்று தெரிந்தது.

வெளிநாட்டுக் கதையோடு நிறுத்திவிடலாமா? கூடாது. சியாட்டிலிலே தகுதியைத் தாளிலே எழுதினார்கள். நம் ஊரிலே அதைப் பணத்தால் எழுதினார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் அறுவை 1971-இல் வேலூரிலே வெற்றி கண்டது, பெருமைக்குரிய செய்தி. பின்னாளிலே அந்தப் பெருமையின் நிழலில் ஒரு சந்தை முளைத்தது. விற்பவன் ஏழை, வாங்குபவன் செல்வன், இடையிலே தரகன். 1994-இல் நாடாளுமன்றம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதன் பிறகும் சந்தை முற்றாக மூடப்படவில்லை.

சிலர் வாதிடுவர்: "அவன் உடல் அவனுக்கு உரியது. இரண்டில் ஒன்றை விற்கிறான். எஞ்சிய ஒன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். இருவருக்கும் நன்மைதானே?" உரிமையைப் போற்றுகிற நாம் இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எஞ்சிய சிறுநீரகம் வலுத்து, மற்றதன் வேலையிற் பெரும்பகுதியை மேற்கொள்வதும் உண்மை. உடல் ஈடுசெய்துகொள்கிறது. வாழ்க்கை ஈடுசெய்துகொண்டதா?

சென்னையிலே சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து, 2002-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஏட்டிலே ஓர் ஆய்வு வெளிவந்தது. விற்றவர்களுள் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றவர்கள். சராசரியாகக் கிடைத்த தொகை 1,070 டாலர். விற்றபின் குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. நான்கில் மூன்று பேர் மீண்டும் கடனிலேயே கிடந்தனர். நூற்றுக்கு 79 பேர், "வேறு எவருக்கும் இதைச் செய்யச் சொல்லமாட்டோம்" என்றனர்.

கடன்காரன் வாசலிலே நிற்கும்போது போடும் கையெழுத்தை விருப்பம் என்பதா? தாகத்தால் தவிப்பவன் சேற்றுநீரைக் குடித்தால், சேற்றை விரும்பினான் என்று எழுதுவோமா? பணம் படைத்தவனின் உள்கடலைச் சமன்செய்ய, பஞ்சை ஒருவனின் வாழ்வைக் கவிழ்ப்பது மருத்துவமும் ஆகாது, வாணிகமும் ஆகாது. அது, ‘வாழத் தக்கவர் யார்?’ என்ற அந்தப் பழைய கேள்விக்கு, ‘விலை கொடுப்பவர்’ என்று சொல்லாமற் சொல்லும் விடை.

வேறு விடையும் இதே மண்ணிலே எழுந்தது என்பதையும் சொல்லவேண்டும். மூளைச்சாவு எய்தியவரின் உறுப்புகளை, விலை பேசாமல், காத்திருப்போர் வரிசைப்படி வழங்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2008-இல் தொடங்கியது. உறுப்புக்கொடை தந்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023-இல் அறிவித்தது. ஏழைகளுக்கு இலவசமாகக் குருதித் தூய்மை செய்யும் திட்டத்தை 2016-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்தது. மகனை இழந்த தாய், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அவன் சிறுநீரகம் எவருக்கேனும் பயன்படட்டும்" என்கிறாளே, அந்த ‘எவருக்கேனும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். என்ன குலம்? என்ன சமயம்? எவ்வளவு சொத்து? அவள் கேட்கவில்லை. எழுவர் கூடியும் காணமுடியாத அறத்தை, எழுதப் படிக்கத் தெரியாதவளாயினும், ஒரு சொல்லிலே சொல்லிவிடுகிறாள்.

பெர்னார் கண்ட உண்மையை நெஞ்சில் இருத்தச் சொன்னேன். உள்ளே உறுதி இருந்தால்தான் வெளியே உரிமை. கேனனும் தம் நூலின் முடிவுரையிலே உடலிலிருந்து சமுதாயத்தை நோக்கித் திரும்பினார். வேலையின்மையால் அமெரிக்க மக்கள் வாடிய ஆண்டு அது. அடிப்படைத் தேவைகள் நிலைபெற்றால்தான் மனிதன் உயர்ந்த முயற்சிகளுக்கு விடுதலை பெறுவான் என்பது அவர் வைத்த எண்ணம். நாளைய கஞ்சிக்கும், மகளின் மருந்துக்கும், மாத வட்டிக்கும் அல்லும் பகலும் அஞ்சிக் கிடப்பவனிடம், "சிந்தி, படி, உரிமை பேசு" என்றால் எப்படி முடியும்? குளிரிலே ஒடுங்கிய தவளையைத் துள்ளச் சொல்வது போன்றதன்றோ அது!

உடலுக்குள்ளே அந்த உறுதியைப் பரிணாமம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அமைத்துத் தந்தது. சமுதாயத்துக்குள்ளே அதை அமைத்துத் தர எவரும் வானிலிருந்து இறங்கி வரமாட்டார். நாம்தாம் அமைக்கவேண்டும்: காப்பீட்டால், சட்டத்தால், கொடையால், நாணயமான நிருவாகத்தால்.

வாழத் தக்கவர் யார்? சிறுநீரகத்தைக் கேட்டோம், அதற்கு இந்தக் கேள்வியே தெரியவில்லை. கொல்ஃபைக் கேட்டோம், அவர் கேள்வியைத் தள்ளிவிட்டுக் கருவியை முடுக்கினார். கொடை தந்த தாயைக் கேட்டோம், "எவருக்கேனும்" என்றாள். கேள்வியை மாற்றிக் கேட்போம், அன்பர்களே! எல்லாரும் வாழ, நாம் இன்னும் செய்யாதது என்ன? அந்தத் தாளிலே எழுதவேண்டிய பெயர் நோயாளியின் பெயர் அன்று; நம் பெயர்.